கோத்தகிரியில் உட்கார்ந்து நிலநடுக்கக் கணக்கு போட்டதில் கற்றுக்கொண்டது

2023 பிப்ரவரி. துருக்கி நிலநடுக்கம் நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் ஒரு ராத்திரி முழுக்க வீட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். கோத்தகிரியில் பிப்ரவரி ராத்திரிக் குளிர் எப்படி என்று மலைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காரணம், ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ். துருக்கியை முன்கூட்டியே சொன்ன ஆள் இப்போது நீலகிரியைச் சொல்லியிருக்கிறார், இன்று ராத்திரி பதினோரு மணி, யாரும் உள்ளே படுக்காதீர்கள் என்று ஒரு குரல்.

பக்கத்து வீட்டு அக்கா பேரனைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் கதவைத் தட்டினார். "டீச்சர், இன்னும் உள்ளேயா இருக்கீங்க? வெளிய வாங்க."

"ஒண்ணும் ஆகாதுக்கா, புள்ளைக்குக் குளிரும், போய்ப் படுங்க" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதினாறு வருடமாகக் கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாய்ஸ் மெசேஜில் பேசியவருக்கு எப்படித் தெரியாதோ அப்படியே எனக்கும் தெரியாது, நான் எதிர்ப்பக்கமாக அடித்துச் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ராத்திரி ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்காவின் கேள்வி என்னை விடவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு போன இரண்டு வருடத்தில் நான் செய்த தவறுகளும் திருத்தங்களும்தான் இந்தக் கட்டுரை. டேட்டாவோடு பழக நினைக்கிற மாணவர்கள் யாருக்காவது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் "கணித்த" ஆட்களின் விஷயம். உலகத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 100 முதல் 150 வரை 6 அளவும் அதற்கு மேலும் உள்ள நிலநடுக்கங்கள் வருகின்றன. வாரத்துக்கு இரண்டு மூன்று. அதில் பெரும்பங்கு பசிபிக் கடலோரத்திலும் ஆசியாவிலும். அப்படியிருக்க "அடுத்த ஏழு நாளில் ஆசியாவிலோ பசிபிக் ஓரத்திலோ 6-க்கு மேல் ஒன்று வரும்" என்று ஒருவர் வாராவாரம் சொன்னால் அவர் ஜெயித்துக்கொண்டேதான் இருப்பார். தேதி சொல்லாமல், "இந்த இடத்தில் ஒருநாள் பெரிதாக வரும்" என்று சொன்னாலும் அப்படித்தான். இடம், அளவு, காலம் மூன்றையும் சொல்லி, நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒரு எண்ணையும் சொன்னால்தான் அதைச் சரியா தவறா என்று சோதிக்க முடியும். அந்த நான்காவது எண்ணைத்தான் யாரும் சொல்வதில்லை.

சரி, நானே போடலாம் என்று உட்கார்ந்தேன். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை உலக நிலநடுக்கப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது, காசு கிடையாது, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். பிரிட்டனில் இருக்கும் பன்னாட்டு நிலநடுக்கவியல் மையத்தின் தொகுப்பு இன்னும் விரிவானது. நம் ஊருக்கு தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் தளம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பழைய மடிக்கணினியில், தென்னிந்தியாவைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு எல்லாவற்றையும் இறக்கினேன்.

பத்தாண்டுக்கு எத்தனை என்று எண்ணி வரைந்ததும் தூக்கிவாரிப் போட்டது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. மறுநாள் வகுப்பில் சொல்லிவிடலாம் என்றே இருந்தேன். நல்லவேளை, சொல்வதற்கு முன் அளவுவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஏறியது முழுக்கச் சின்ன அதிர்வுகள்தான், பெரியவை ஏறவே இல்லை. பூமி மாறவில்லை, கேட்கிற காது மாறியிருக்கிறது. 1960-களில் உலகம் முழுக்க ஒரே தரத்தில் கருவிகள் வைத்தார்கள், நம் கொடைக்கானலிலும் ஒன்று இருந்தது. 1993-இல் மராட்டியத்தில் கில்லாரி நிலநடுக்கம் வந்தபிறகு தீபகற்பத்தில் நிலையங்களைக் கூட்டினார்கள். அதுவரை அந்தப் பகுதி ஆபத்து மிகக் குறைவு என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்த இடம், அங்கே ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். கருவி கூடக் கூட, முன்பு பதிவாகாமல் போன சின்ன அதிர்வெல்லாம் பட்டியலில் ஏறுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. குட்டன்பெர்க்கும் ரிக்டரும் சொன்ன விதிப்படி அளவு ஒன்று கூடினால் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறையும், அதாவது 5-க்கு மேல் நூறு என்றால் 6-க்கு மேல் பத்து, 7-க்கு மேல் ஒன்று. மடக்கை (லாக்) அளவில் வரைந்தால் நேர்கோடு. நம் பட்டியலை வரைந்தால் பெரிய அளவுகளில் கோடு நேராக வரும், சின்ன அளவுப் பக்கம் போகப் போக ஓரிடத்தில் படுத்துவிடும். அந்த இடத்துக்குக் கீழே பட்டியல் முழுமையில்லை என்று அர்த்தம். சல்லடைக் கண் அங்கே இருக்கிறது, அதைவிடப் பொடியாக இருப்பது வழியில் சிந்திவிட்டது. காலத்துக்குக் காலம் அந்தக் கண் மாறும், ஆகவே ஒவ்வொரு காலத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதலில் இதைச் செய்துவிட்டு மற்றதைத் தொடுங்கள், மழைப் பதிவானாலும் யானை நடமாட்டப் பதிவானாலும் இதே கதைதான்.

அடுத்த தவறு நேரத்தில். ராத்திரியில் சின்ன அதிர்வு அதிகம் வருவதுபோல் ஒரு படம் கிடைத்தது. முதல் கோளாறு, பட்டியலில் இருக்கும் நேரம் கிரீன்விச் நேரம், நான் ஐந்தரை மணி கூட்ட மறந்திருந்தேன். கூட்டிய பிறகும் ராத்திரிப் பக்கம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. அதற்குக் காரணம் என் வீட்டிலேயே கிடைத்தது.

அந்தச் சமயத்தில் ராஸ்பெரி ஷேக் என்ற சின்ன அதிர்வுமானி ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். கீழறையில், சிமெண்ட் தரையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் மூலையில் வைத்தேன், அங்கேதான் கால் நடமாட்டம் குறைவு. இருபத்துநான்கு மணி நேரக் கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தால் எங்கள் ஊரின் ஒரு நாள் அப்படியே தெரியும். விடியற்காலையில் முதல் பஸ் வளைவு ஏறும்போது ஒரு தடிப்பு. கீழே தேயிலை ஃபேக்டரியில் உருட்டு இயந்திரம் ஓடத் தொடங்கியதும் கோடு முழுக்கப் பூச்சி ஊர்ந்தமாதிரி ஆகிவிடும். கொழுந்து லாரி வந்து நிற்பது, அக்கா வீட்டு கிரைண்டர், ஒருநாள் சுவரோரம் காட்டெருமை நடந்துபோனது. ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் கோடு மெலிந்து கம்பிபோல் ஆகும். அப்போதுதான் புரிந்தது. பகலில் இந்தச் சத்தத்துக்குள் சின்ன அதிர்வு வந்தால் யாருக்குத் தெரியும்? ராத்திரியில் நிலம் கூடுதலாக அதிரவில்லை, ஊர் அடங்குவதால் கூடுதலாகப் பதிவாகிறது. கல்குவாரி இருக்கும் பகுதிகளில் இதற்கு நேர் எதிர், வெடி வைப்பது நிலநடுக்கமாகப் பதிவாகி, பகல் வேலை நேரத்தில் குவியும்.

2025 மார்ச் 28 பகலில், மியான்மர் நிலநடுக்கம் நடந்து ஐந்து நிமிடத்துக்குள் அந்த மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த டப்பா அதைக் கேட்டுவிட்டது. ஃபேக்டரிச் சத்தத்தின் அடியில் நீளமாக, மெதுவாக ஒரு அலை. செய்தி வருவதற்கு முன் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோட்டின் மறுமுனையில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

இப்போது முக்கியமான தவறுக்கு வருகிறேன்.

எங்கள் பகுதியில் எல்லோரும் சொல்லும் பெரிய நிலநடுக்கம் 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் வந்தது, அளவு 6 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், தென்னிந்தியா நெடுக உணரப்பட்டது. 123 வருடத்தில் ஒன்று. அப்படியானால் குறிப்பிட்ட ஒரு ராத்திரியில் வர ஏறக்குறைய 45,000-இல் ஒரு வாய்ப்பு. அக்காவிடம் சொல்ல அருமையான எண் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் ஒரே ஒரு நிகழ்ச்சியை வைத்துப் போடும் சராசரிக்கு எவ்வளவு பிடிமானம் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா. அரிதான நிகழ்ச்சிகளை எண்ணப் பயன்படும் பாய்சான் பரவலில் 95 சதவீத எல்லை போட்டால், 22 வருடத்துக்கு ஒன்று என்பதிலிருந்து ஏறக்குறைய 4,860 வருடத்துக்கு ஒன்று என்பது வரை எதுவாகவும் இருக்கலாம் என்று வருகிறது. அதையும் எழுதினேன். டேட்டா ஃபைல், அதை இறக்கிய தேதி, கணக்குப் போட்ட பைத்தான் நிரல் எல்லாவற்றையும் சேர்த்து யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பொதுவில் வைத்தேன். இறக்கிய தேதி அவசியம், ஏனென்றால் பட்டியலில் அளவுகளைப் பின்னால் திருத்துவார்கள், ஆறு மாதம் கழித்து இறக்கினால் அதே எண் வராது.

மூன்று வாரத்தில் முகம் தெரியாத ஒரு மாணவர் எழுதினார், இரண்டே வரி. "நீங்கள் கணக்கை 1900-இல் தொடங்கியதற்குக் காரணமே அந்த நிலநடுக்கம்தானே? அதற்கு மறுநாளிலிருந்து தொடங்கினால் எண்ணிக்கை பூஜ்யம்."

நான் அரை மணி நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்குநூறு சரி. நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, கணக்கில் எடுக்கும் கால ஜன்னலை அதற்கு ஏற்ப வெட்டியிருக்கிறேன். வகுப்பில் வருடாவருடம் இதைச் செய்யாதீர்கள் என்று நானே சொல்லிக்கொடுக்கிற தவறு. பூஜ்யம் வந்தால் போடுவதற்கு ஒரு எளிய விதி இருக்கிறது, மூன்றை வருடங்களால் வகுத்தால் 95 சதவீத மேல் எல்லை. 123-க்குப் போட்டால், 41 வருடத்துக்கு ஒன்றைவிட அடிக்கடி வர வாய்ப்பு குறைவு. கீழ் எல்லை சொல்லவே முடியாது. இதைவிட நன்றாகச் சொல்ல 1900-க்கு முந்தைய பதிவு வேண்டும். நிரலைப் பூட்டி வைத்திருந்தால் இந்தத் தவறோடு நான் ஊர் ஊராகப் பேசியிருப்பேன், கேட்டவர்களும் டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பியிருப்பார்கள்.

இது என்னைப் போன்ற தனியாள் கதை மட்டுமில்லை. 2018-இல் நேச்சர் இதழில் ஒரு ஆய்வு வந்தது, பின்னதிர்வுகள் எங்கே வரும் என்பதை ஆழ்கற்றல் (டீப் லேர்னிங்) மூலம் கணிக்கிறது, உள்ளே டேட்டாவைப் பார்த்து மாடல் தானே சரிசெய்துகொள்ளும் எண்கள், அதாவது அளவுருக்கள், பதின்மூன்றாயிரத்துக்கும் மேல். உலகமெங்கும் செய்தியானது. மறுவருடமே அதே இதழில் மிக்னானும் பிரொக்கார்டோவும் இரண்டே அளவுரு கொண்ட சாதாரண லாஜிஸ்டிக் மாடலில் அதே தரத்தில் கணிக்க முடிகிறது என்று காட்டினார்கள். நாம் இளநிலைப் பட்டப்படிப்பில் சொல்லித்தருகிற மாடல் அது. இப்படி வேறொருவர் எடுத்துச் சரிபார்க்க வழி இருப்பதுதான் இந்தத் துறையைக் காப்பாற்றுகிறது.

பௌர்ணமியன்று நிலநடுக்கம் அதிகம் வருமா என்ற கேள்வியும் அடிக்கடி வரும், அதனால் ஒரு வரி. 8 அளவும் அதற்கு மேலும் உள்ள பெரிய நிலநடுக்கங்கள் வருடத்தின் குறிப்பிட்ட நாள்களிலோ நிலவின் குறிப்பிட்ட பிறையிலோ வருகின்றனவா என்று நிலநடுக்கவியலாளர் சூசன் ஹஃப் 2018-இல் ஒரு கட்டுரை எழுதினார், தலைப்பிலேயே கேள்வி, சுருக்கம் ஒரே சொல்: இல்லை.

கணிப்பை முன்கூட்டியே எழுதி வைத்துச் சோதிக்கும் பழக்கத்தை இந்தத் துறையில் நிலைநாட்டியது கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு போட்டி. 2006 ஜனவரியில் தொடங்கி ஐந்து வருடம். பல குழுக்கள் மாநிலத்தைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை வரும் என்று எண் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு யாரும் கை வைக்கக் கூடாது. முடிவில் நன்றாக வந்தது, முன்பு நடந்த சின்னச் சின்ன அதிர்வுகளின் இடங்களைப் பரப்பி வரைந்த ஹெல்ம்ஸ்டெட்டர் குழுவின் மாடல். சின்னது எங்கே அடிக்கடி வருகிறதோ அங்கேதான் பெரிதும் பெரும்பாலும் வருகிறது. அந்தப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே 2007-இல் இதற்கென்றே ஒரு பன்னாட்டுக் கூட்டுமுயற்சி தொடங்கி, ஜப்பான், நியூசிலாந்து, ஐரோப்பா என்று சோதனை மையங்கள் வந்தன. அவர்களுடைய சோதனை முறைகள் இன்று பைசிஎஸ்இபி (pyCSEP) என்ற திறந்த மென்பொருளாகக் கிடைக்கின்றன, நான் வகுப்பில் பயன்படுத்துவது அதைத்தான்.

வகுப்பில் இதைச் செய்ய ஒரு யோசனை. தென்னிந்தியாவை எடுக்காதீர்கள், நிகழ்ச்சிகள் மிகக் குறைவு, பத்து வருடம் காத்திருந்தாலும் யார் மாடல் நல்லது என்று தெரியாது. ஜப்பானைச் சுற்றி எடுங்கள், மாதாமாதம் மார்க் போடலாம். மாணவர்களை ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் எழுதச் சொல்லி, மாதம் பிறப்பதற்கு முன் பொதுவில் ஏற்றிவிடுவோம். கூடவே கடந்த பத்து வருடச் சராசரியை மட்டும் வைத்த ஒரு சோம்பேறி மாடலையும் போட்டியில் சேர்ப்போம். முதல் ஆறு மாதம் அந்தச் சராசரிதான் எல்லோரையும் ஜெயித்தது, என் மாடலையும் சேர்த்து. அதைத் தோற்கடிக்க முடிந்தது பின்னதிர்வுகளைக் கணக்கில் எடுத்த பிறகுதான். ஜப்பானிய நிலநடுக்கவியலாளர் ஒமோரி 1894-இலேயே சொன்ன விஷயம், பின்னதிர்வு நாள் ஆக ஆகக் குறையும், முதல் நாள் நூறு என்றால் பத்தாம் நாள் பத்து என்கிற கணக்கில். 1988-இல் ஒகாட்டா அதையே ஒவ்வொரு அதிர்வும் தன் பங்குக்குக் குட்டி போடும் என்கிற மாடலாக விரித்தார். இன்றும் எல்லோரும் ஜெயிக்கப் பார்ப்பது அந்த மாடலைத்தான்.

மார்க் போடும் முறையில்தான் அக்காவின் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. நடந்த நிகழ்ச்சிக்கு நீ எவ்வளவு வாய்ப்பு எழுதியிருந்தாய் என்பதன் மடக்கைதான் மதிப்பெண். ஒரு மாணவி பசிபிக்கில் ஒரு மூலைக் கட்டத்துக்கு, இங்கே வராது என்று நம்பி, 0 எழுதியிருந்தாள். அந்த மாதம் அங்கே ஒன்று வந்தது. பூஜ்யத்தின் மடக்கை முடிவில்லாத எதிர்மறை, மற்ற எல்லாக் கட்டத்தையும் அவள் சரியாக எழுதியிருந்தும் மொத்த மாடலும் போய்விட்டது. அவள் அழுதுவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, "ஒண்ணும் ஆகாதுக்கா" என்று நான் சொன்னதும் அதே பூஜ்யம்தான்.

இத்தாலியில் லாக்விலாவில் இது எவ்வளவு தூரம் போனது என்று பின்னால் படித்தேன். 2009-இல் பல வாரங்களாகச் சின்ன அதிர்வுகள், மக்கள் பயந்து வெளியே படுக்கிறார்கள், நிபுணர் குழு கூடுகிறது, கவலைப்பட வேண்டாம் என்ற செய்தி மக்களுக்குப் போகிறது. ஏப்ரல் 6 விடியற்காலை 6.3 அளவில் வந்தது, முந்நூறுக்கு மேல் செத்தார்கள். 2012-இல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் ஓர் அதிகாரிக்கும் சிறைத் தண்டனை, 2014-இல் மேல்முறையீட்டில் விஞ்ஞானிகள் விடுவிக்கப்பட்டார்கள். நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்லியிருக்க யாராலும் முடியாது, அது வேறு. ஆனால் குறைந்த வாய்ப்பு என்பதை வாய்ப்பே இல்லை என்று மக்கள் கேட்கும்படி விட்டுவிட்டார்கள்.

இப்போது யாராவது கேட்டால் இப்படிச் சொல்கிறேன்: "இன்னைக்கு வர்றதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவுக்கா, நேத்து எவ்வளவோ அவ்வளவுதான், அந்த மெசேஜால கூடலை. ஆனா இல்லவே இல்லன்னு யாராலும் சொல்ல முடியாது. அதனால பீரோவைச் சுவத்தோட கம்பி போட்டுக் கட்டுங்க, கட்டில் தலைமாட்டுக்கு மேல இருக்கிற அண்டாவை இறக்குங்க, அப்புறம் உள்ளயே படுங்க." அக்கா அன்றே அண்டாவை இறக்கிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்சரிவையும் காட்டினேன். எங்கள் மலையில் பூமி ஆடுவதைவிட மழையில் மண் இறங்குவதுதான் அடிக்கடி நடக்கிறது, 2009 நவம்பர் யாருக்கும் மறக்கவில்லை. அந்தச் சரிவுக்கு வடிகால் வெட்டுவதற்கு ஒரு ஞாயிறு முழுக்க ஆனது.

அந்த மாணவர் கேட்ட கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. 1900-க்கு முன்னால் என்ன நடந்தது? கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் வந்து இறங்கியது 1819-இல். அன்றிலிருந்து இந்த மலையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் யாராவது ஏதாவது எழுதிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். எஸ்டேட் நாட்குறிப்பு, சர்ச் பதிவேடு, மழைப் பதிவுப் புத்தகம், குடும்பக் கடிதம். அதில் ஒரு ஓரத்தில் "இன்று பூமி அதிர்ந்தது" என்று ஒரு வரி இருந்தால் என் ஜன்னல் எண்பது வருடம் பின்னால் நகரும். இதுவரை நான்கு பழைய எஸ்டேட் புத்தகங்களைப் புரட்டிவிட்டேன், மழையும் குயினா (மலேரியா மருந்துக்கான சின்கோனா பட்டை) விலையும்தான் இருக்கின்றன. ஒன்றும் இல்லாத புத்தகமும் கணக்குதான், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பார்த்தேன், எந்தப் பக்கங்கள் கிழிந்திருந்தன என்று அதையும் பட்டியலில் ஏற்றுகிறேன். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது கிடந்தால் கரையான் அரிப்பதற்குள் போட்டோ எடுத்து வையுங்கள். தேதி, மணி, எந்த ஊர், என்ன உருண்டது, யார் தூக்கத்திலிருந்து எழுந்தார்கள், இது போதும். அடுத்த மாதம் கீழ்க்கோத்தகிரியில் ஒரு வீட்டில் இரண்டு டிரங்குப் பெட்டிகளைத் திறக்கச் சம்மதித்திருக்கிறார்கள், அக்காவும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.